ஆவடிக்கு வராத ரயில்

முகப்பேரில் நான் வேலை பார்த்த இசைக்கருவிக் கடையில் இப்போது என் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒருத்தியாகப் பார்த்த வேலைக்கு இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. போன மாதம் அவர்கள் போன் செய்தார்கள். "கோமதிக்கா, யுகுலேலே வாங்கறவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கக்கா. எத வாங்கணும், இன்னா தந்தி போடணும், எப்டிப் பாத்துக்கணும்னு. நெட்ல போட்டுக்கறோம்" என்றார்கள். இப்போது பாதிப் பேர் கடைக்கே வருவதில்லையாம். படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது, அதற்குப் பிறகுதான் கடையைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள்.

சரி என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் முடியவில்லை. அவர்கள் கேட்டதை முதலில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காததை அப்புறம் சொல்கிறேன்.

யுகுலேலே நான்கு தந்தி உள்ள சின்ன வாத்தியம். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "குட்டி கிட்டார்" என்றுதான் கேட்பார்கள். திருத்தினால் வருத்தப்படுவார்கள், அதனால் நானும் குட்டி கிட்டார் என்றே எடுத்துக் காட்டுவேன். அதில் அளவுகள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குச் சிறியது, பெரியவர்களின் விரலுக்கு நடுத்தரம் போதும். மேல்பலகை முழு மரமாக இருந்தால் நன்றாகப் பாடும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் அது தாங்காது, எங்காவது ஓர் ஓரத்தில் விரிந்துவிடும். ஒட்டுப்பலகை கொஞ்சம் அடக்கமாகப் பாடும், ஆனால் ஏமாற்றாது. முதல் வாத்தியத்துக்கு ஒட்டுப்பலகையே வாங்குங்கள். வாத்தியத்தின் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நுனியிலிருந்து பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனை விரலைக் கீறக் கூடாது.

புதுத் தந்தி நைலான். இழுத்துக் கட்டினாலும் சில நாளைக்கு நீண்டுகொண்டே இருக்கும், சுருதி நிற்காது. அதற்காக வாத்தியத்தைத் திட்டாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பிசின் இளகி, தந்தி கட்டும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். குமணன்சாவடியிலிருந்து ஒருவர் அப்படிப் பெயர்ந்ததை ஒரு கையிலும் வாத்தியத்தை மறு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து, "தானா கழண்டுகிச்சு" என்றார். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொடாதீர்கள். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள். அவ்வளவுதான் பராமரிப்பு.

ஒன்று மறந்துவிட்டேன். ஆயுத பூஜை. எங்கள் பக்கம் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் குடும்பங்கள் அதிகம். ஆயுத பூஜை வந்தால் அந்த வீடுகளில் ஸ்பேனர் முதல் ஸ்கூட்டர் வரை எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஒரு வருடம் பூஜை முடிந்த மறுநாள் ஒருவர் மகளின் யுகுலேலேயைக் கொண்டுவந்தார். தந்தியை முறுக்க முறுக்கத் தளர்கிறது என்றார். அது பழைய மாதிரி, மரத்தோடு மரம் உரசிப் பிடித்துக்கொள்ளும் திருகாணி. அந்த உரசல்தான் அதற்கு உயிர். மனிதர் நான்கு திருகாணியிலும் மெஷின் ஆயில் விட்டு, வழவழவென்று சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூஜையில் வைத்திருக்கிறார். "ஜாம் ஆயிருந்துச்சும்மா, ஃப்ரீ பண்ணி விட்டேன்" என்றார் பெருமையாக. அந்த எண்ணெயை எடுக்க எனக்குச் சாக்குக்கட்டித் தூளும் பொறுமையும் நிறையச் செலவாயின.

இனி அவர்கள் கேட்காதது.

நான் ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் வாழ்க்கைப்பட்டவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மின்மாற்றிக்குச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தேன். பட்டறையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வேலை தேடி முகப்பேர் கடைக்குப் போனபோது எனக்குச் சங்கீதத்தில் ஒன்றும் தெரியாது. பழுது பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ரோசலின் மேடம் என் விரல்களைத்தான் பார்த்தார்.

"மெல்லிசு ஒயர அறுக்காம சுத்துவியாமா?"

"சுத்துவேன் மேடம்."

"அப்ப ஒக்காரு."

என் நேர்முகத் தேர்வு அத்தோடு முடிந்தது. முதல் வருடம் முழுக்கத் தந்தி கட்டினேன், அவிழ்த்தேன், திரும்பக் கட்டினேன். அதற்கு மேல் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

ரோசலின் மேடம் அம்பத்தூர்க்காரர். இளம் வயதில் சர்ச் கொயரில் கிட்டார் வாசித்தவர். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு, வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. தந்தி கட்டிய வாத்தியத்தை அன்றே கொடுக்க விடமாட்டார். கொக்கியில் தொங்கவிட்டு, வருகிற போகிறபோதெல்லாம் சுருதி ஏற்றச் சொல்வார். நீள்வது நின்ற பிறகுதான் வாங்கியவரைக் கூப்பிடுவோம். அவர் வந்ததும் வாத்தியத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, மேடம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். "ஒவ்வொரு தந்தியா தட்டுங்க" என்பார். முதுகைக் காட்டிக்கொண்டே, "மூணாவது கொஞ்சம் ஏறி கீது கோமதி, எறக்கு" என்பார். அதைப் பார்த்து மிரண்டு போனவர்கள் உண்டு. ஏன் திரும்பி நிற்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி சந்தோசமா இருந்தா என் காது பொய் சொல்லுது" என்றார்.

கழுத்து நுனியில் கவ்வி வைக்கும் சுருதி பார்க்கும் கருவி வந்தபோது நான் மகிழ்ந்து போனேன். தந்தியைத் தட்டினால் போதும், சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். எனக்கு இருந்த அரைகுறைக் காதுக்கு அது பெரிய துணை. மேடம் அதை மறுக்கவில்லை. ஆனால் நான் "பச்சை மேடம்" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார்.

"பச்ச சரி. யாருக்குப் பச்ச?"

மேடத்துக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சுந்தரி டீச்சர் வந்தது அந்தச் சமயத்தில்தான். கூட வந்தவர் அவர் கணவர் முருகேசன், தொழிற்சாலையில் வெல்டர், திருநெல்வேலிப் பக்கம். டீச்சர் கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். மூச்சு விடும்போது அது உள்ளே போய் வெளியே வந்தது.

"இவளுக்குத் தொண்டையில கட்டி வந்து ஆப்பரேசன் பண்ணியாச்சு மேடம். குரல்வளையவே எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்ட போட்டு அது வழியாத்தான் மூச்சு. இனிமே பேச்சு வராது" என்றார் முருகேசன். ஒரு கடையில் நின்று சொல்கிற விஷயமா அது. ஆனால் பல இடங்களில் சொல்லிப் பழகியிருந்தார்.

டீச்சர் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில், பெண்கள் சங்கம் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறவர். எல்லாம் பள்ளிக்கூடம் போகாத வயதுக் குழந்தைகள். அவருடைய முக்கியமான வேலை மத்தியானம் அத்தனை பேரையும் தூங்க வைப்பது. அதற்கு அவரே கட்டிய ஒரு பாட்டு இருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிப் போனபோது பாட்டு இல்லை, பேச்சு இல்லை, கழுத்தில் ஒரு துணி அசைகிறது. குழந்தைகள் பயந்துவிட்டன.

"பிள்ளைய எதுவும் இவ பக்கத்துல வர மாட்டேங்கு மேடம். பவித்ரான்னு ஒண்ணு, இவ இடுப்ப விட்டு எறங்கவே எறங்காது. அதுவே இப்ப இவளக் கண்டா செவுத்தோரம் போயி நிக்கி. சங்கத்துல நல்லவங்கதான். ஆனா இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம், பிள்ளைய சேரலன்னா வேற டீச்சர் போட்டுக்கிடுதோம்னுட்டாங்க."

டீச்சர் போனில் தட்டி எங்களிடம் காட்டினார். "எனக்கு வேறு வேலை தெரியாது. பாட்டு வேண்டும்."

ஊதுகிற வாத்தியம் எதுவும் முடியாது, மூச்சு வாய் வழியாக வருவதில்லை. ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொள்ள முடியாது. கீபோர்டு என்றால் அத்தனை குழந்தைகளும் அதன்மேல் விழும். மேடம் நடுத்தர அளவில் ஒரு யுகுலேலேயை எடுத்து டீச்சரின் மடியில் வைத்தார். பக்கத்தில் ஒரு குழந்தை படுக்க இடம் மிச்சம் இருந்தது. டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தப் பாட்டை நான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அது மின்சார ரயில் பாட்டு. முருகேசன் எங்களுக்குப் பாடிக் காட்டினார். அவருக்குச் சுருதி என்பது சுத்தமாக இல்லை, ஆனாலும் மெட்டின் போக்கு தெரிந்தது. கொரட்டூர் வந்தாச்சு, பட்டரவாக்கம் வந்தாச்சு, அம்பத்தூர் வந்தாச்சு, திருமுல்லைவாயில் வந்தாச்சு, அன்னனூர் வந்தாச்சு, ஆவடி வந்தாச்சு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் குரல் ஒரு படி இறங்கும். ஆவடிதான் கடைசிப் படி. அங்கே டீச்சர் "எறங்கியாச்சா?" என்று கேட்பாராம். விழித்திருக்கும் குழந்தைகள் "எறங்கியாச்சு" என்று சொல்லும். பதில் வருவது நிற்கும்வரை ஆவடி வந்துகொண்டே இருக்கும். ஆறு ஸ்டேஷன், ஆறு ஸ்வரம், அதற்குள் ஒரு காப்பகமே தூங்கிவிடும்.

டீச்சர் பாடியதைப் போனில் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று மேடம் கேட்டார். தூங்க வைக்கிற பாட்டை யார் எடுத்து வைப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே போனைத் தொடவே விடமாட்டாராம் டீச்சர்.

யுகுலேலேயில் ஒரு விசேஷம் உண்டு. மேலிருந்து கீழாக நான்கு தந்தி இருந்தாலும் நாலாவது தந்திதான் தாழ்ந்தது என்று நினைக்கக் கூடாது. அதன் சுருதி மேலே போய்விடும். மூன்றாவது தந்திதான் அந்த வாத்தியத்தின் தரை. அதற்குக் கீழே அதில் ஸ்வரமே கிடையாது. அதனால்தான் அது எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிற மாதிரி கேட்கும். மேடம் ஆவடியை மூன்றாவது தந்தியில் வைத்து, அங்கிருந்து மேல்நோக்கி மற்ற ஐந்து ஸ்டேஷனையும் அடுக்கிக் கொடுத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. சங்கீதம் தெரிந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். டீச்சர் கேட்டுவிட்டு, கையைத் தரைப் பக்கமாகத் தாழ்த்திக் காட்டினார். இன்னும் கீழே என்று.

"இது சின்ன வாத்தியம் டீச்சர், இதுக்கு மேல எறங்காது. மெட்டு அதேதான் கீது. பசங்களுக்கு இன்னா தெரியப்போவுது" என்றார் மேடம்.

டீச்சர் தினமும் கடைக்கு வந்து பழகினார். விரல் சிவந்து, தோல் உரிந்து, காய்த்தது. ஆறு ஸ்வரத்தையும் தடங்கலில்லாமல் வாசிக்க வந்தபோது நான் கருவியைக் கவ்வி வைத்துப் பார்த்தேன். எல்லாம் பச்சை. மேடம் சுவரைப் பார்த்து நின்று கேட்டுவிட்டுத் தலையாட்டினார். வாத்தியம் வீட்டுக்குப் போயிற்று.

சில நாளில் முருகேசன் தனியாக வந்தார். வேலைக்குப் போட்ட சட்டையோடு நேராக வந்திருந்தார். "ஒண்ணும் சரிப்பட்டு வரல மேடம். பிள்ளைய உக்காந்து வேடிக்க பாக்கு, தூங்க மாட்டேங்கு. இவ கிட்டயும் போவ மாட்டேங்கு. மாசம் முடியப் போவுது. வேற பொட்டி எதாச்சும் இருக்கா பாருங்க."

மேடம் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "பொட்டிய மாத்தறதுக்கு முன்னாடி நான் அங்க வந்து பாக்கறேன்" என்றார். கடையை விட்டு வெளியே போய்ப் பழுது பார்க்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அன்று மேடம் போனார், நானும் கூடப் போனேன்.

காப்பகம் ஒரே ஒரு நீளமான கூடம். சாப்பாடு முடிந்து பாய் விரித்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது, உள்ளே ரசம் வாசனை அடித்தது. குழந்தைகள் பாயில் உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூடப் படுக்கவில்லை. சுந்தரி டீச்சர் நடுவில் உட்கார்ந்து வாசித்தார். அழகாக வாசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கொரட்டூரிலிருந்து ஆவடி வரை ஒவ்வொரு படியும் தெளிவாக இறங்கியது. கடைசி ஸ்வரத்தை மூன்று முறை தட்டி, புருவத்தை உயர்த்திக் குழந்தைகளைப் பார்த்தார். இறங்கியாச்சா என்று அர்த்தம்.

ஒரு குழந்தையும் பதில் சொல்லவில்லை. சுவரோரம் ஒரு பெண் குழந்தை தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தது. நான்கு வயது இருக்கலாம். அதுதான் பவித்ரா என்று காப்பகத்து ஆயா என் காதில் சொன்னார். நான் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, ஆவடி வந்துடுச்சே, எறங்கலையா நீ?"

அது என்னை ஏதும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"இது ஆவடி இல்ல. அம்பத்தூரு."

நான் சிரித்துவிட்டேன். ஆயாவும் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. வேகமாக எழுந்து வந்து டீச்சரிடமிருந்து வாத்தியத்தை வாங்கினார். அவ்வளவு கனத்த உடம்போடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்றாவது தந்தியை வெறுமனே தட்டினார்.

"இது இன்னா ஸ்டேஷன்மா?"

"அம்பத்தூரு" என்றது பவித்ரா.

மேடம் அதே தந்தியில் ஒரு படி மேலே அழுத்தித் தட்டினார்.

"பட்டரவாக்கம்."

இரண்டாவது தந்தியை வெறுமனே தட்டினார்.

"கொரட்டூரு."

முதல் தந்தியைத் தட்டினார். நாங்கள் கொரட்டூர் என்று வைத்துக் கொடுத்த ஸ்வரம் அது. குழந்தை யோசித்தது. "அங்க நான் போனதில்ல" என்றது.

மேடம் மற்ற குழந்தைகளின் பக்கம் திரும்பி மூன்றாவது தந்தியைத் தட்டிக் கேட்டார். ஒரு பையன் வேண்டுமென்றே "சென்ட்ரல்" என்று கத்திவிட்டு உருண்டான். மற்ற பிள்ளைகள் அவனை அதட்டின. "அம்பத்தூரு, அம்பத்தூரு." நாங்கள் ஆவடி என்று வைத்துக் கொடுத்த ஸ்வரம் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை குழந்தைகளுக்கும் அம்பத்தூராக இருந்தது. அவர்களைப் பொறுத்தவரை டீச்சர் தினமும் ரயிலை அம்பத்தூரிலேயே நிறுத்திவிட்டு, இறங்கு இறங்கு என்கிறார். யார் இறங்குவார்கள். யாருக்கும் வீடு அங்கே இல்லையே.

மேடம் கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது தந்தியைத் தட்டி, அதிலிருந்து தன் குரலில் கீழே இறங்கினார். திருமுல்லைவாயில். அன்னனூர். ஆவடி. கடைசி ஸ்வரத்தில் நின்று அப்படியே முனகிக்கொண்டே சுந்தரி டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. துணியின்மேல் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார், திரும்பத் திரும்ப ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவர் குரல் நின்ற இடம் அதுதான்.

"அஞ்சு கட்டை சுருதி" என்று அந்த ஸ்வரத்தின் உயரத்தைச் சொன்னார் மேடம் என்னிடம். "அன்னிக்கே கைய கீழ காட்டுச்சு இந்தம்மா. நான்தான் கேக்கல."

குரலை மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். அது எவ்வளவு உயரத்தில், எந்த இடத்தில் இருந்தது என்பதை அந்த அம்மாளால்கூடச் சொல்ல முடியவில்லை. ஆனால் பேச்சே இன்னும் சரியாக வராத இத்தனை குழந்தைகள் அதைக் கொஞ்சமும் நகர்த்தாமல் வைத்திருந்தன. அவர்களுக்கு அது சுருதி என்று தெரியாது. ஆவடி என்றால் அந்தச் சத்தம், அவ்வளவுதான். நான் எத்தனையோ வாத்தியங்களுக்குத் தந்தி கட்டியிருக்கிறேன், நல்ல நல்ல வித்வான்கள் கடைக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் எனக்கு வந்த மலைப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. யாருக்குப் பச்சை என்று மேடம் கேட்டுக்கொண்டிருந்ததும் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இனி வேலை எங்கள் கையில் இருந்தது. மூன்றாவது தந்திக்குக் கீழே வாத்தியத்தில் இடம் இல்லை என்றால், நாலாவது தந்தியை மேலிருந்து கீழே கொண்டுவர வேண்டும். மேடத்துக்கு அது பிடிக்காத வேலை. "அந்தத் தந்தி மேல இருந்தாத்தான் யுகுலேலே சிரிக்கும்" என்று பல பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். அன்று கடைக்குத் திரும்பியதும் தானே கிட்டார் தந்திப் பெட்டியை எடுத்தார். நைலான் கிட்டாரின் நாலாவது தந்தி, வெள்ளிக் கம்பி சுற்றியது. யுகுலேலேயின் நீளத்தில் கட்டினால் அதை ஐந்து கட்டைக்கு ஏற்றலாம், இழுவையும் அளவாக இருக்கும், வாத்தியத்தின் வயிறு புடைக்காது.

ஆனால் அது பழைய தந்தியைவிடத் தடிமன். கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்கார்ந்து போகும் சின்ன வெள்ளைக் கட்டை ஒன்று உண்டு, நாங்கள் நட் என்போம். அதில் நாலாவது பள்ளம் மெல்லிய தந்திக்கு வெட்டியது. புதுத் தந்தி அதில் இறங்காமல் மேலே நின்றது. பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ஆனால் ஆழப்படுத்தக் கூடாது. ஒரு மயிரிழை ஆழமாகிவிட்டாலும் தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசி, தட்டும்போதெல்லாம் வண்டு மாதிரி இரையும். எங்களிடம் இருந்த அரங்களில் ஒன்று அதற்கு மெலிசு, இன்னொன்று தடிமன்.

முருகேசன் மேசைக்கு எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து வைத்தார். வெல்டிங் டார்ச்சின் மூக்கில் அடைப்பு எடுக்கிற கம்பிகள். வரிவரியாகச் சொரசொரப்புள்ள, உருண்டையான கம்பிகள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் தடிமனாக ஒரு கொத்து.

"இதுல எதாச்சும் சேருமாக்கா பாருங்க."

நான் ஒவ்வொன்றாகத் தந்தியோடு சேர்த்து வைத்து விரலால் உருட்டிப் பார்த்தேன். ஒன்று அப்படியே ஒத்துப் போயிற்று. நான்கு தடவை இழுத்து, ஊதி, தந்தியை வைத்துப் பார்ப்பேன். திரும்ப நான்கு இழுப்பு. சுருள் சுற்றிய காலத்தில்கூட நான் அவ்வளவு மூச்சடக்கி வேலை செய்ததில்லை. கடைசியில் தந்தி பள்ளத்தில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று உட்கார்ந்தது. ஏற்றித் தட்டினேன். இரையவில்லை. கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சின்ன வாத்தியத்தின் உடம்பிலிருந்து அப்படி ஒரு தாழ்ந்த ஒலி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மாதம் முடியப் போகிறது என்றாலும் மேடம் அன்றே கொடுக்கவில்லை. கொக்கியில் மாட்டி, நீள்வது நிற்கும்வரை தானே சுருதி ஏற்றினார். டீச்சர் கடைக்கு வந்து புதிய இடங்களில் விரல் வைத்துப் பழகினார். இப்போது கொரட்டூர் இரண்டாவது தந்தியில், பட்டரவாக்கமும் அம்பத்தூரும் மூன்றாவதில், அதற்குக் கீழே மூன்று ஸ்டேஷனும் நாலாவதில். ஆவடிக்கு விரலே வைக்க வேண்டாம். வெறும் தந்தி.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் நாங்கள் மறுபடி காப்பகத்துக்குப் போனோம். சங்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். முருகேசன் உள்ளே வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். பவித்ரா அதே சுவரோரம், அதே தலையணை. மேடம் கூடத்துக்குள் வந்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கடையில் செய்வதை அங்கேயும் செய்தார்.

சுந்தரி டீச்சர் புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். கொரட்டூர். பட்டரவாக்கம். அம்பத்தூர். அந்த இடத்தில் டீச்சரின் கை ஒரு நொடி நின்றது. பிறகு நாலாவது தந்திக்குப் போய்த் திருமுல்லைவாயிலைத் தட்டினார்.

குழந்தைகளின் முகவாய் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த ஸ்வரம் அவர்கள் குரலுக்கு எட்டாத பள்ளம். ஆனாலும் டீச்சர் போகிற இடத்துக்குப் போக வேண்டும் என்று கழுத்தை மடக்கி முகவாயை நெஞ்சில் அழுத்தி உறுமிப் பழகியிருந்தார்கள். இத்தனை நாள் கழித்து அந்தச் சத்தம் கேட்டதும் கழுத்துகள் தானாக மடங்கின. அன்னனூரில் இரண்டு மூன்று குழந்தைகள் பாயில் சாய்ந்துவிட்டன. டீச்சர் வெறும் தந்தியைத் தட்டினார். ஆவடி.

டீச்சர் இன்னொரு முறை தட்டிவிட்டு, புருவத்தை உயர்த்தினார். அவருடைய கழுத்துத் துணி வேகமாக அசைந்துகொண்டிருந்தது.

பவித்ரா சுவரை விட்டு நகர்ந்தது. தலையணையை இழுத்துக்கொண்டு, படுத்திருந்த குழந்தைகளைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தது. டீச்சரின் எதிரில் நின்று அந்தத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு வாத்தியத்துக்குப் பக்கத்தில் மிச்சம் இருந்த இடத்தில் தலையணையை வைத்து, டீச்சரின் தொடையில் சாய்ந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டது.

"எறங்கியாச்சு டீச்சர்" என்றது.

மேடம் சுவரைப் பார்த்தபடியே என்னிடம் மெதுவாகக் கேட்டார். "யாரு அது பேசுனது?"

"பவித்ரா மேடம்."

"எங்க கீது?"

"டீச்சர் மடியில."

டீச்சர் ஆவடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். மற்ற பாய்களிலிருந்தும் "எறங்கியாச்சு" வந்தது, பிறகு ஒவ்வொரு பாயாகப் பதில் சொல்வது நின்றது. சங்கத்துப் பெண்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் எழுந்து வெளியே போனார்கள். மரத்தடியில் நின்ற முருகேசனிடம் அவர்கள் சிரித்தபடி ஏதோ சொல்வதும், அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வதும் ஜன்னல் வழியே தெரிந்தது. கடைசிக் குழந்தையும் தூங்கிய பிறகு நான் மேடத்திடம் போய், "மேடம், முடிஞ்சுது, திரும்புங்க" என்றேன்.

மேடம் சுவரைப் பார்த்தபடியே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.